உங்களுக்குத் தெரியுமா? நூற்றுக்குத் தொண்ணூற்றேழு

2012இல் பிரிட்டனில் ‘97% ஓன்டு’ என்றொரு ஆவணப்படம் வந்தது. இயக்கியவர் மைக்கேல் ஆஸ்வால்ட். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். பொருளியலாளர்களும் முன்னாள் வங்கிக்காரர்களும் உட்கார்ந்து பேசுகிறார்கள். பணம் எங்கே பிறக்கிறது, அதைப் பிறப்பிப்பது யார், எதற்குப் பயன்படும் என்று முடிவு செய்வது யார் என்ற மூன்று கேள்விகளையே படம் சுற்றிச் சுற்றி வருகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

★ படத்தின் பெயரில் உள்ள 97 எங்கிருந்து வந்தது? பிரிட்டனில் புழங்கும் மொத்தப் பணத்தில் நோட்டும் சில்லறையுமாக இருப்பது வெறும் 3%. மீதி 97% வங்கிக் கணக்குகளில் எண்களாக இருக்கிறது. நோட்டை வெளியிடுவது மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து. நாணயம் அடிப்பது அரசின் நாணயச்சாலை. கணக்கில் ஏறும் அந்த எண்களை எழுதுவது தனியார் வணிக வங்கிகள். ‘ஓன்டு’ என்றால் உடைமையாக இருப்பது. நாட்டின் பணத்தில் 97% யாருடைய பேனாவில் இருக்கிறது என்று பெயரிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

★ நாம் போட்டு வைத்த பணத்தை எடுத்துத்தான் வங்கி பிறருக்குக் கடன் கொடுக்கிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். ஒருவர் வீடு வாங்க 2 லட்சம் பவுண்டு கடன் கேட்கிறார் என்று வையுங்கள். வங்கி வேறு எவர் கணக்கிலிருந்தும் ஒரு காசைக்கூடக் கழிப்பதில்லை. பேரேட்டில் ஒரு பக்கம் ‘இவர் நமக்குத் தரவேண்டியது 2 லட்சம்’ என்று ஏறுகிறது. மறுபக்கம் ‘இவர் கணக்கில் இருப்பு 2 லட்சம்’ என்று ஏறுகிறது. இரண்டு வரிகளும் ஒரே நேரத்தில் விழுகின்றன. அந்த இரண்டாவது வரி, ஒரு நிமிடத்துக்கு முன் உலகில் எங்குமே இல்லாதிருந்த பணம்.

★ கடனின் அசலைத் திருப்பிக் கட்டும்போது இரண்டு வரிகளும் சேர்ந்து அழிகின்றன. கட்டிய அசல் எந்தப் பெட்டகத்துக்கும் போவதில்லை. புழக்கத்தில் இருந்த பணம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஊரில் எல்லோரும் ஒரே சமயத்தில் கடனை அடைக்க முனைந்து, புதிதாக யாரும் வாங்காமல் இருந்தால், கடைத்தெருவில் பணமுடை வருவது இதனால்தான்.

★ இதைச் சோதித்துப் பார்த்த ஒருவர் இருக்கிறார். ஜெர்மானியப் பொருளியலாளர் ரிச்சர்ட் வெர்னர். 2013 ஆகஸ்டில் பவேரியா மாநிலத்தின் வில்டன்பெர்க் என்ற சிற்றூரிலுள்ள ஒரு ராய்ஃபைசன் கூட்டுறவு வங்கியில் 2 லட்சம் யூரோ கடன் வாங்கினார். கடன் தரும்போதே வங்கியின் உள்கணக்குகளைப் பார்க்க அனுமதி பெற்றிருந்தார். ‘இந்தத் தொகை நம்மிடம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?’ என்று வங்கி நிர்வாகிகளிடம் கேட்டார். பார்க்கவில்லை என்றார்கள், அப்படிப் பார்க்கும் வழக்கமே அங்கில்லை. பணம் வேறெந்தக் கணக்கிலிருந்தும் நகரவில்லை. 2014இல் ஆய்விதழில் வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே, வங்கியால் ஒன்றுமில்லாததிலிருந்து பணம் படைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். முடியும் என்பதே அவர் கண்ட விடை. பல நூற்றாண்டுகளாக விவாதம் நடக்கிறது, ஒருவரும் ஒரு வங்கிக்குள் போய்ப் பார்த்து எழுதவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது.

★ படம் வந்தபோது ‘இது கட்டுக்கதை’ என்றவர்கள் உண்டு. இரண்டே ஆண்டில், 2014இன் முதல் காலாண்டிதழில், பேங்க் ஆஃப் இங்கிலாந்தே அதை எழுதியது. மெக்லே, ராடியா, தாமஸ் என்ற அதன் ஆய்வாளர் மூவர் எழுதிய கட்டுரை அது. வங்கிகள் வைப்புத்தொகையைக் கைமாற்றிவிடும் இடைத்தரகர்கள் என்ற எண்ணம் தவறு. கடன் கொடுக்கும் செயலே வைப்பை உருவாக்குகிறது. பணத்தில் 97% வங்கி வைப்பு. மூன்றும் அதில் இருக்கின்றன. கட்டுரையை விளக்க ஒரு சிறு காணொளியும் வெளியிட்டார்கள். படம் பிடித்த இடம், வங்கியின் நிலவறையில் தங்கக் கட்டிகள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவில். பணம் என்பது தங்கம் இல்லை என்ற விளக்கத்தை அங்கே நின்றுதான் சொன்னார்கள்.

★ பொருளியல் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு நினைவிருக்கும். 100 ரூபாய் வைப்பு வந்தால் 10 ரூபாயைக் கையிருப்பாக ஒதுக்கி 90ஐக் கடன் தருவார்கள், அது இன்னொரு வங்கிக்கு வந்து 81 ஆகும், இப்படிப் பெருகி 1,000 ரூபாயாகும் என்ற கணக்கு. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் எத்தனை லட்சம் பேர்! அந்தக் கையிருப்பு விகிதம் பிரிட்டனில் இன்று கட்டாயமே இல்லை. அமெரிக்க மத்திய வங்கி 2020 மார்ச் 26 முதல் அதைப் பூச்சியமாக்கிவிட்டது. நம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. 2025இல் அதை நான்கு படிகளில் 4%இலிருந்து 3% ஆக இறக்கியது.

★ அப்படியானால் வங்கி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமா? முடியாது. வாங்குபவர் திருப்பிக் கட்டக்கூடியவராக இருக்க வேண்டும். கடன் மூழ்கினால் வங்கியின் சொந்த மூலதனம்தான் கரையும். கடன் வாங்கியவர் வேறு வங்கியில் கணக்குள்ளவருக்குக் கொடுத்துவிட்டால், அந்த வங்கிக்கு மத்திய வங்கிப் பணத்தில் தீர்க்க வேண்டும். மூலதன விதிகளும் மத்திய வங்கியின் வட்டி விகிதமும் கடிவாளங்கள். படம் இந்தக் கடிவாளங்களை வேகமாகத் தாண்டிப் போகிறது. அது அதன் குறை.

★ பத்து பவுண்டு நோட்டில் ‘கேட்டவுடன் கொண்டுவருபவருக்குப் பத்து பவுண்டு தருவேன்’ என்று ஓர் உறுதிமொழி அச்சாகியிருக்கும். அந்த வழியில் வந்ததுதான் நம் ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி. கடைத்தெருவில் நாம் புரோநோட்டு என்கிறோமே, வடிவில் அதே சரக்கு. ஒரு காலத்தில் பவுண்டு நோட்டைக் கொண்டுபோனால் தங்கம் கிடைத்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தை விட்டு விலகியது. இன்று பத்து பவுண்டு நோட்டை நீட்டினால் இன்னொரு பத்து பவுண்டு நோட்டு கிடைக்கும்.

★ இந்தியாவின் ஒரு ரூபாய் நோட்டில் அந்த உறுதிமொழி கிடையாது. அதில் கையெழுத்திடுபவர் ரிசர்வ் வங்கி ஆளுநரும் இல்லை, மத்திய அரசின் நிதிச் செயலர். சட்டப்படி அது காகிதத்தில் அச்சான நாணயம். அரசு நேரடியாக வெளியிடும் பணம் எப்படி இருக்கும் என்று படம் கேட்கிறதே, அதன் மிகச் சிறிய உதாரணம் நம் கல்யாண மொய்க் கவரில் 101 ஆகவும் 501 ஆகவும் உட்கார்ந்திருக்கிறது.

★ மரக்குச்சி பணமாக இருந்திருக்கிறது. இங்கிலாந்தில், முதலாம் ஹென்றியின் காலமான 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், அரசுக் கருவூலம் கணக்குக் குச்சிகளைப் பயன்படுத்தியது. குச்சியில் வெட்டுப் போடுவார்கள். 1,000 பவுண்டு என்றால் உள்ளங்கை அகல வெட்டு. 100 என்றால் பெருவிரல் கனம். 20க்குச் சுண்டுவிரல். ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி அளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து, பணம் கொடுத்தவரிடம் ஒரு பாதி, வாங்கியவரிடம் மறுபாதி. பின்னால் இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் மரத்தின் ரேகை பொருந்த வேண்டும். அந்த ரேகையைக் கள்ளத்தனமாக உண்டாக்க யாராலும் முடியாது.

கொடுத்தவர் கையிலிருந்த நீளமான பாதிக்கு ‘ஸ்டாக்’ என்று பெயர். பங்குச் சந்தைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரில் இன்றும் அந்தச் சொல் இருக்கிறது. அரசிடமிருந்து வரவேண்டிய கடனுக்கான குச்சியை இன்னொருவருக்குக் கொடுத்துத் தம் கடனைத் தீர்த்துக்கொண்டவர்களும் உண்டு. பணம் என்பது அடிப்படையில் ‘இவர் இவருக்குத் தரவேண்டும்’ என்ற பதிவு என்று பொருளியலாளர் சிலர் பக்கம் பக்கமாக வாதிடுகிறார்கள். எனக்கு அதைப் புரியவைத்தது இந்தப் பிளந்த குச்சிதான்.

★ அந்தக் குச்சிகளின் முடிவு 1834 அக்டோபர் 16. வழக்கொழிந்துபோன குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்குக் கீழேயிருந்த உலைகளில் இரண்டு வண்டி அளவுக்குப் போட்டு எரித்தார்கள். உலை மிஞ்சிச் சூடேறி, தீ மேலேறி, இங்கிலாந்தின் நாடாளுமன்றமே எரிந்தது. ஓவியர் டர்னர் அந்தத் தீயை வரைந்தார். இன்று தேம்ஸ் கரையில் நாம் படங்களில் பார்க்கும் கட்டடம் அதற்குப் பிறகு கட்டியது.

★ பேங்க் ஆஃப் இங்கிலாந்து பிறந்ததே ஒரு போர்க்கடனில். 1694இல் பிரான்சுடன் போர். மூன்றாம் வில்லியம் மன்னரின் கருவூலம் காலி. பணக்காரர்கள் சேர்ந்து 12 லட்சம் பவுண்டு, 8% வட்டிக்குத் தர முன்வந்தார்கள். பன்னிரண்டு நாளில் முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது. பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது வங்கி நடத்தும் உரிமைப் பட்டயம். அரசின் கடனை ஆதாரமாக வைத்து நோட்டு வெளியிட்டார்கள். 1946இல் அரசுடைமையாகும் வரை அது தனியார் பங்குதாரர்களின் சொத்து.

★ ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு வெளியானது 1661இல், ஸ்டாக்ஹோமில். வெளியிட்டவர் யோஹான் பால்ம்ஸ்ட்ருக். அளவுக்கு மீறி வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே வங்கி விழுந்தது. அந்த இடிபாட்டிலிருந்து 1668இல் எழுந்த ஸ்வீடனின் ரிக்ஸ்பேங்க், இன்றுள்ள மத்திய வங்கிகளில் மிகப் பழையது.

★ படத்தின் உயிர்நாடியான வாதம் 1844இல் இருக்கிறது. அப்போதெல்லாம் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் வங்கிகள் தங்கள் பெயரில் நோட்டு வெளியிட்டன. அளவில்லாமல் வெளியிடுவதும், வங்கிகள் விழுவதும், விலைவாசி தாறுமாறாவதும் திரும்பத் திரும்ப நடந்தது. பிரதமர் ராபர்ட் பீல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். இனிப் புதிதாக எந்தத் தனியார் வங்கியும் நோட்டு வெளியிடக் கூடாது. படிப்படியாக அந்த உரிமை பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு மட்டும். சட்டம் கட்டிப்போட்டது காகித நோட்டை மட்டும்தான். கணக்குப் புத்தகத்தில் எழுதும் வைப்பு அதன் வலைக்குள் வரவில்லை. அன்று பெரும் புள்ளிகள் மட்டும் காசோலை எழுதினார்கள். பிறகு சம்பளம் கணக்கில் ஏறத் தொடங்கியது, அட்டை வந்தது, கணினி வந்தது. பீல் அடைத்த கதவுக்குப் பக்கத்தில் திறந்துகிடந்த ஜன்னல் வழியே முழுப் பணமும் வெளியே போய்விட்டது என்கிறார்கள் படத்தில் பேசுபவர்கள். பீலின் சட்டத்தைக் கணினி யுகத்துக்கு நீட்டுவதுதான் நாங்கள் கேட்பது என்பது அவர்கள் கட்சி. படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கோபத்தைக் காட்டாமல் ஒரு சட்டத்தின் ஓட்டையை வரலாற்றோடு வைக்கிறது.

★ வங்கியில் நீங்கள் போட்ட பணம் சட்டப்படி உங்களுடையது இல்லை! 1848இல் ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: வைப்பாகப் போட்ட கணத்திலேயே பணம் வங்கியின் சொத்து, வாடிக்கையாளர் அந்த வங்கிக்குக் கடன் கொடுத்தவர், அவ்வளவே. அடகுக்கடையில் வைத்த நகை நம் நகைதான். வங்கியில் போட்ட பணம் அப்படியல்ல, வங்கி நமக்குத் தரவேண்டிய பாக்கி. இதைப் படித்த அன்று என் பாஸ்புக்கை எடுத்து ‘இருப்பு’ என்ற சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

★ அந்தத் தீர்ப்பின் பொருள் 2007 செப்டம்பரில் தெருவில் தெரிந்தது. நார்தர்ன் ராக் வங்கி அவசர உதவி கேட்டிருக்கிறது என்ற செய்தி வந்ததும், அதன் கிளைகள் முன்னால் விடியலிலேயே வரிசை. வயதானவர்கள் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார்கள். அன்றைய காப்புறுதி விதிப்படி முதல் 2,000 பவுண்டுக்குத்தான் முழுப் பொறுப்பு. அடுத்த 33,000க்கு 90%. ஓய்வுக்காலச் சேமிப்பை வைத்திருந்தவர்கள் பயந்ததில் தப்பே இல்லை. நான்காம் நாள் அரசு முழு உத்தரவாதம் தந்த பிறகே வரிசை கலைந்தது.

★ 2013இல் சைப்ரஸில் வங்கிகள் சரிந்தபோது, பேங்க் ஆஃப் சைப்ரஸில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களின் அந்த மேல்தொகையில் 47.5%ஐ எடுத்து வங்கிப் பங்குகளாக மாற்றினார்கள்.

★ படத்தில் பேசுபவர்களில் ஒருவர் பால் மூர். எச்பிஓஎஸ் என்ற பெரிய பிரிட்டிஷ் வங்கியில் விதிமுறைகளைக் கண்காணிக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். ‘கடனைத் தள்ளிவிடும் வேகம் ஆபத்தான அளவுக்குப் போய்விட்டது’ என்று உள்ளேயே எச்சரித்தார். 2004இல் வேலை போயிற்று. 2008இல் வங்கி தடுமாறி, வேறொரு வங்கியோடு இணைந்தே பிழைக்க முடிந்தது. 2009 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழுவின் முன் மூரின் சாட்சியம் வெளிவந்தது. அவர் இருந்த காலத்தில் அந்த வங்கியின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் ஜேம்ஸ் கிராஸ்பி. சாட்சியம் வந்த நேரத்தில் அவர் நாட்டின் நிதிக் கண்காணிப்பு ஆணையத்தின் துணைத் தலைவர்! மறுநாளே அந்தப் பதவியிலிருந்து விலகினார். உண்மையைச் சொன்னவருக்கு ஐந்து ஆண்டு கழித்துத்தான் நாடு காதுகொடுத்தது. மூர் 2020இல் மறைந்தார். அவரைப் போன்றவர்கள் எல்லா வங்கியிலும் வேண்டும்.

★ வங்கிகள் புதிதாகப் படைக்கும் பணம் எங்கே போகிறது? இந்தக் கேள்விதான் நமக்கு நேராக வந்து படுவது. பிரிட்டனில் அதன் பெரும்பகுதி போனது வீட்டு மனைகளுக்கும் நிதிச் சந்தைக்கும். தொழில் தொடங்குபவருக்கும் பட்டறைக்காரருக்கும் போனது சொற்பம். காரணம் எளிது: வீடு அடமானமாக நிற்கும், ஓடிப்போகாது. ஆனால் கடன் பெருகும் வேகத்தில் வீடுகள் பெருகாது. கையில் அதிகக் கடனோடு பலர் ஒரே வீட்டுக்குப் போட்டி போட்டால் விலை ஏறும். விலை ஏறினால் அடமான மதிப்பு கூடும். அதைக் காட்டி இன்னும் பெரிய கடன் கிடைக்கும். 1997 முதல் 2007 வரையான பத்தாண்டில் பிரிட்டனில் சராசரி வீட்டு விலை ஏறக்குறைய மூன்று மடங்கானது. சம்பளம் அப்படியா ஏறியது? ஒரு தலைமுறை இளைஞர்கள் சொந்த வீட்டுக் கனவைக் கைவிட்டு வாடகையில் தேங்கினார்கள். போதிய வீடு கட்டாததும் ஒரு காரணம்தான். அதை மறைக்கக் கூடாது. ஆனாலும், ஒரு நாட்டில் புதுப்பணம் முதலில் யார் கையில் விழ வேண்டும் என்பது கடன் அதிகாரியின் மேசையில் தீர்மானமாவதும், அதைப் பற்றி எந்தத் தேர்தலிலும் ஒரு பேச்சும் எழாததும் எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

★ 2009 மார்ச்சில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தானே புதுப்பணம் படைத்து, பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களை வாங்கத் தொடங்கியது. 2012க்குள் 375 பில்லியன் பவுண்டு. அதாவது 37,500 கோடி. பத்திரங்களின் விலையும் பங்குகளின் விலையும் ஏறின. அவை யாரிடம் இருக்கின்றன? நாட்டுக் குடும்பங்களின் நிதிச் சொத்தில் 40%, மேல்தட்டு 5% குடும்பங்களிடம் என்று அதே வங்கி 2012இல் எழுதியது.

★ 1971 ஆகஸ்ட் 15, ஞாயிறு இரவு. அமெரிக்க அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, வெளிநாட்டு அரசுகள் தம்மிடமுள்ள டாலரை அவுன்சுக்கு 35 டாலர் என்று தங்கமாக மாற்றிக்கொள்ளும் வசதியை நிறுத்தினார். தற்காலிகம் என்றுதான் சொன்னார்.

★ பணத்தைப் பற்றிய படங்கள் எல்லாவற்றையும் நம்பிவிட வேண்டாம். கனடாவின் பால் கிரிக்னன் 2006இல் எடுத்த ‘மணி அஸ் டெட்’ கார்ட்டூன் வடிவில் அழகாகச் சொன்ன படம். ‘அசலைத்தான் வங்கி படைக்கிறது, வட்டியைப் படைப்பதில்லை, ஆகவே எல்லோரும் கடனைக் கட்டி முடிக்க முடியவே முடியாது’ என்கிறது. கேட்கத் திடுக்கிடும். ஆனால் கணக்கு அப்படி இல்லை. ஓர் ஊரில் 100 ரூபாய்தான் இருக்கிறது, எல்லாம் கடன். திருப்பித் தரவேண்டியது 110. மாதாமாதம் வாங்கும் வட்டியைக் கடன் கொடுத்தவர் காய்கறி வாங்கவும் கொல்லை வேலைக்குக் கூலி கொடுக்கவும் செலவழித்தால், அதே ரூபாய் சுற்றி வந்து மறுபடி வட்டியாகும். அவர் செலவழிக்காமல் குவித்து வைத்தாலோ, அதையும் கடனாகவே விட்டாலோதான் முடிச்சு இறுகும். அந்த ஆபத்து உண்மை. ‘முடியவே முடியாது’ என்பது மிகை.

★ இதைவிட மோசமானது ஒன்று உண்டு. இத்துறைப் படங்களில் சில, உலகப் பணத்தை ஒரு குடும்பமோ ஓர் இனமோ ரகசியமாக ஆட்டுவிக்கிறது என்று போய் முடிகின்றன. லிங்கன் சொன்னார், யூத வங்கிக் குடும்பத்து ராத்ஸ்சைல்டு சொன்னார் என்று சுற்றிவரும் மேற்கோள்களில் பலவற்றுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த ரகசியக் கதை யூதர்கள்மீது பழி போடும் பழைய நஞ்சு. லட்சக்கணக்கான உயிரைக் குடித்தது. ‘97% ஓன்டு’ என் மதிப்பைப் பெற்றதற்கு ஒரு காரணம், அது ஆளைத் தேடாமல் பேரேட்டைத் திறந்து காட்டுகிறது.

★ அரசே நேரடியாகப் பணம் வெளியிட்டதுண்டா? உண்டு. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும் லண்டனில் வங்கிகளைச் சில நாள் மூடினார்கள். ஆகஸ்ட் 7 அன்று திறந்தபோது, பேங்க் ஆஃப் இங்கிலாந்து அல்லாமல், அரசுக் கருவூலமே அச்சிட்ட ஒரு பவுண்டு நோட்டு வந்தது, ஒரு வாரத்தில் பத்து ஷில்லிங் நோட்டும் வந்தது. அவசரத்தில் அஞ்சல்தலைக் காகிதத்தில் அச்சானவை. கையெழுத்திட்ட செயலரின் பெயரால் ‘பிராட்பரி’ என்றே மக்கள் அழைத்தார்கள். அமெரிக்காவிலும் 1862இல் உள்நாட்டுப் போருக்காக லிங்கன் அரசு பச்சை மையில் நோட்டு அச்சிட்டது. போர் உச்சத்தில் அதன் மதிப்பு தங்கத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே இறங்கியதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

★ ஆஸ்திரியாவில் வோர்கல் என்றொரு சிற்றூர். 1932, உலக மந்தத்தின் நடுவில். ஊர்த் தலைவர் மிக்கேல் உண்டர்குக்கன்பெர்கர், முன்பு ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஊராட்சியின் பேரில் வேலைச் சீட்டுகள் வெளியிட்டார். ஒரு நிபந்தனை: மாதந்தோறும் சீட்டின் மதிப்பில் 1%க்கு வில்லை வாங்கி ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் செல்லாது. வைத்திருந்தால் நட்டம் என்பதால் எல்லோரும் உடனே செலவழித்தார்கள். வரிப் பாக்கியைக்கூட ஓடி வந்து கட்டினார்கள். தெருக்கள் செப்பனிடப்பட்டன, ஒரு பாலம் வந்தது. மற்ற ஊர்களும் பின்பற்ற நினைத்தபோது, ஆஸ்திரிய மத்திய வங்கி தலையிட்டு 1933 செப்டம்பரில் நிறுத்தியது.

★ 1921இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஃபிரெடரிக் சாடி, ஐசோடோப்புகளைப் பற்றி ஆராய்ந்தவர், பிறகு பணத்தின் பக்கம் திரும்பினார். பொருள் துருப்பிடிக்கும், மக்கும். கடன் மட்டும் கூட்டு வட்டியில் எல்லையின்றி வளரும். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டு 1926இல் புத்தகம் எழுதினார். பொருளியலாளர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை.

★ வங்கிகள் தம் வைப்புகளுக்கு நூற்றுக்கு நூறு கையிருப்பு வைக்க வேண்டும், புதுப்பணம் படைப்பது அரசிடம் மட்டும் இருக்க வேண்டும் என்பது 1933இல் சிகாகோ பொருளியலாளர்கள் முன்வைத்த திட்டம். 1929 சரிவில் தம் செல்வத்தையே இழந்த பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடினார். அமெரிக்க அரசு ஏற்கவில்லை. 2012இல், படம் வந்த அதே ஆண்டு, சர்வதேச நாணய நிதியத்தின் பெனஸ், கும்ஹோஃப் என்ற இருவர் அந்தத் திட்டத்தைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்து, ஃபிஷர் சொன்ன பலன்கள் கிடைக்கும் என்று எழுதினார்கள்.

★ இத்தகைய திட்டம் வேண்டுமா என்று மக்களிடமே கேட்ட ஒரே நாடு சுவிட்சர்லாந்து. 2018 ஜூன் 10 அன்று ‘ஃபோல்கெல்ட்’, அதாவது முழுப்பணம், என்ற பொது வாக்கெடுப்பு. சுவிஸ் மத்திய வங்கியே எதிர்த்துப் பேசியது. 75.7% பேர் வேண்டாம் என்றார்கள். தோற்றதுதான். ஆனால் வாக்களிக்கும் முன் பல மாதம், காபிக்கடையிலும் தொலைக்காட்சியிலும், பணம் எப்படிப் பிறக்கிறது என்று ஒரு நாடு பேசியது.

★ படத்தில் பேசியவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. ‘பாசிட்டிவ் மணி’ இயக்கத்தைத் தொடங்கிய பென் டைசன், பணம் படைக்கும் உரிமையை வங்கிகளிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்கிறார். ஆன் பெட்டிஃபர் அதை ஏற்பதில்லை. ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரிய ‘ஜூபிலி 2000’ இயக்கத்தின் தலைவியாக இருந்தவர் அவர்; 1998இல் பர்மிங்காமில் வல்லரசுகளின் தலைவர்கள் கூடியபோது எழுபதாயிரம் பேரின் கைச்சங்கிலி அந்த இயக்கத்தினுடையது. கடன் மூலம் பணம் பிறப்பது நாகரிகத்தின் பெரிய சாதனை, அதைப் பொதுநலனுக்குக் கட்டுப்படுத்துவதே வேலை என்பது அவர் வாதம். 2023இல் வந்த ‘ஃபைண்டிங் த மணி’ என்ற படத்தில் பொருளியலாளர் ஸ்டெபனி கெல்டன் மூன்றாவது வழியில் போகிறார்: அரசு செலவழிக்கும்போதே பணம் பிறக்கிறது, வரியில் அழிகிறது. மூவரையும் கேட்ட பிறகு எனக்குப் பெட்டிஃபர் பக்கம் சாய்வு உண்டு.

★ 2014 நவம்பர் 20 அன்று பிரிட்டிஷ் மக்களவை, பணம் எப்படிப் படைக்கப்படுகிறது என்று விவாதித்தது. பீலின் காலத்துக்குப் பிறகு, 170 ஆண்டில் முதல் முறை. கொண்டுவந்தவர் கன்சர்வேடிவ் கட்சியின் ஸ்டீவ் பேக்கர். லேபர் கட்சியின் மைக்கேல் மீச்சரும் பசுமைக் கட்சியின் கரோலின் லூகாசும் துணை நின்றார்கள். எந்தப் பிரச்சினையிலும் ஒத்துப்போகாத மூவர். வந்து அமர்ந்த உறுப்பினர்கள் மிகக் குறைவு. மூன்றாண்டு கழித்து, 2017இல், பாசிட்டிவ் மணி 100 உறுப்பினர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. வங்கி கடன் கொடுக்கும்போது புதுப்பணம் பிறக்கிறது என்பது அவர்களில் 85 பேருக்குத் தெரிந்திருக்கவில்லை.